கண் சிவக்காத மூன்று பேர்

திருவேற்காடு
7.7.2024

வித்யா அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அம்மா மூவரும் நலமா? இந்த வரி இல்லாத கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன் என்று நீ சொன்னதால் எழுதியிருக்கிறேன். பிரித்தால்தானே வரி இருக்கிறதா இல்லையா என்று தெரியும் என்பது என் கேள்வி.

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் கட் செய்கிறோம், அதனால் இனி தபாலில்தான் பேச்சு என்று விதி போட்டாய். எழுதினால், உறையை ஒட்டும் முன் ஒருமுறை படித்துப் பார்ப்பேன், நாக்கு அடங்கும் என்பது உன் எண்ணம். படித்துப் பார்த்தேன். எதையும் மாற்றத் தோன்றவில்லை.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறது. பயோடெக் படித்து, நான்கு வருடத்தில் மூன்று வேலைகளை வாயால் இழந்தேன். நான்காவதாக இந்த வாத்தியார் வேலையை உன் பழைய டீச்சர் பஞ்சவர்ணம் மிஸ்ஸிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தாய். அவர் இங்கே பிரின்சிபால் என்பதால் நடந்தது. அரையாண்டுத் தேர்வு வரை என்மேல் எழுத்தில் ஒரு புகார்கூட வரக்கூடாது. வந்தால் வேலை இல்லை என்பது தாளாளர் பார்த்தசாரதி போட்ட நிபந்தனை. வேலை இல்லையென்றால் ஓசூருக்கு வந்து மாமாவின் டைல்ஸ் குடோனில் உட்கார வேண்டும் என்பது நீ போட்டது.

பள்ளி சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலைக்கு இருபதடி தள்ளி இருக்கிறது. லாரி ஹார்ன் இல்லாத நேரத்தில் பாடம் நடக்கும். பதினொன்றாம் வகுப்பு, உயிரியல், முப்பத்தாறு பேர். முதல் நாள், “உங்க வீட்டுத் தொட்டியில கொசு ஏன் வருது?” என்று கேட்டேன். சிவராமன் என்கிறவன் எழுந்து கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை நான்கு நிலைகளோடு ஒப்பித்து, “படம் ஏழு புள்ளி மூன்றைப் பார்க்க” என்று முடித்தான். படத்தின் எண்ணையும் மனப்பாடம் செய்திருக்கிறான். “உங்க வீட்டுத் தொட்டிக்கு மூடி இருக்கா?” என்றேன். “அது சிலபஸ்ல இல்ல சார்” என்றான்.

அதனால் போர்டில் மூன்றே சொல் எழுதிப் போட்டேன்: கூற்று, சான்று, காரணம். நீ சொல்வது என்ன, அதற்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எப்படி அதற்கு ஆதாரமாகிறது. இனி எந்தப் பதிலும் இந்த மூன்றோடு வந்தால்தான் மார்க். மூன்றாவதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். தாளாளரையும் சேர்த்து.

உடம்பைப் பார்த்துக்கொள். இதுவும் விதிப்படி.

ஸ்ரீநாத்


ஓசூர்
18.7.2024

அன்புத் தம்பி ஸ்ரீக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

முதல் நாளே பிள்ளைகளிடம் மூன்று வேலை போன கதையைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் இனிமேல் சொல்லாதே.

உன் மூன்று சொல்லைப் படித்துச் சிரித்தேன். என் வேலையே அதுதானடா. இன்சூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்க விபத்துக் கடிதம் படிக்கிறேன். இன்று காலை மட்டும் மூன்று பேரின் வண்டிக்குக் குறுக்கே எருமை வந்திருக்கிறது. ஒரே எருமையா என்று தெரியவில்லை. கடிதத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டது என்ன என்று பார்க்கப் பழகிவிட்டேன்.

யார் பிள்ளையையும் மக்கு என்று அவர்கள் அப்பா முன்னால் சொல்லாதே. பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்து ஆரம்பி. பஞ்சவர்ணம் மிஸ்ஸுக்கு என் வணக்கம்.

வேளைக்குச் சாப்பிடு, வேளைக்குத் தூங்கு.

அக்கா


திருவேற்காடு
21.8.2024

வித்யா அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். சாப்பிடுகிறேன்.

இந்த முறை நல்ல செய்தி. உன் யோசனைப்படி அவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றைக் கேட்டேன். ரோஷினி என்று ஒருத்தி இருக்கிறாள், இருபத்து மூன்றாம் எண். “சார், மாடியில வெச்ச வாட்டர் கேன் பச்சையாகீது, ஊட்டுக்குள்ள வெச்சது ஆகல, இன்னா மேட்டர்?” என்றாள். கேன் கம்பெனி சரியில்லை என்றான் சிவராமன். “சான்று?” என்று முப்பத்தைந்து பேரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை அக்கா, அவர்களே கேட்டார்கள். இரண்டு கேனில் ஒரே தண்ணீர், ஒன்றுக்குக் கறுப்புத் துணி சுற்றி, இரண்டையும் மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். பத்தாம் நாள் துணி சுற்றாதது மட்டும் பச்சை. சிவராமன் கேன் கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டான்.

பச்சையாக இருப்பது என்ன என்று பார்க்க வேண்டாமா? பள்ளியில் ஒரே ஒரு மைக்ரோஸ்கோப். வாங்கியதிலிருந்து கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். லென்ஸின் மேலேயே சந்தனம். நான்கு வருடத்துப் படிவு. ஊசியால் சுரண்டி எடுத்தேன். ஆய்வகப் பொறுப்பாளர் சாமி குத்தம் என்றார். தெரியாவிட்டால்தான் குத்தம் என்றேன்.

நேற்று இரண்டு பீரியட் சேர்த்து வாங்கி, வருகை எண் வரிசைப்படி முப்பத்தாறு பேரையும் பார்க்க வைத்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். பதினேழாம் எண் பச்சையப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். தூக்கமா என்றேன். ஆமாம் என்றான். கடைசிவரை முடித்துவிட்டு ஆசை தீர நானும் பார்த்தேன். இந்தப் பள்ளியில் அந்தக் குழாய் வழியாக உயிருள்ள ஒன்றைப் பார்த்த முதல் கூட்டம் இவர்கள்தான். நான்கு வேலையில் எனக்குப் பெருமையாக இருந்த ஒரே நாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஸ்ரீநாத்


திருவேற்காடு
30.8.2024

வித்யா அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் எப்படி?

நீ பதில் போடும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. வகுப்பில் மெட்ராஸ் ஐ. ஒரே வாரத்தில் பதினெட்டுப் பேருக்குக் கண் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. பி.டி. சார் பயந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விசில் ஊதுகிறார். கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஆபீஸ் கிளார்க் சுவரைப் பார்த்தபடி என்னிடம் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார். பார்வையால் கிருமி போகாது, கை பட்டு, துணி பட்டுத்தான் போகும் என்றேன். “அப்புறம் ஏன் சார் எல்லாரும் கண்ணாடி போடுறாங்க?” என்றார். பதிவேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தாளாளர் ஒரே நாளில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முதலில் லீவு போட்ட நான்கு பேரும் தங்கவேல் என்பவரின் வேனில் வருகிறவர்கள். ஆகவே கண்வலி வேனில்தான் பரவியது, பெற்றோர்கள் அந்த வேனைத் தவிர்க்கவும் என்று தன் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். கூற்று இருக்கிறது, அரைச் சான்று இருக்கிறது, காரணம் இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கவில்லை, பயப்படாதே. அதையே வகுப்புக்குப் பாடமாக்கினேன்: இந்தக் கண்வலி எப்படிப் பரவியது? ஒவ்வொருவரும் விசாரித்துச் சான்று கொண்டுவர வேண்டும். புத்தகத்தில் இல்லாத பாடம். படத்தின் எண் கிடையாது. சிவராமன் பாவம், தடுமாறுகிறான்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

ஸ்ரீநாத்


ஓசூர்
7.9.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ இல்லை.

போன கடிதத்தில் எழுத்து ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. வரி எல்லாம் வலது பக்கம் சரிந்து ஓடுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதியவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். அது போகட்டும், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். நான் கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் எங்கள் ஆபீசில் அந்த ஃபைலைத் தனியாக எடுத்து வைப்போம்.

கண்ணுக்கு டாக்டரைப் பார்த்தாயா? அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். அவளிடம் வைத்துக்கொண்டதாகச் சொல்லிவிடுகிறேன். நீ சொட்டு மருந்து போடு.

அந்த வேன் டிரைவர் யார்? வேனில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா, அவர்களுக்கு வந்ததா?

தலையணை உறையை வெந்நீரில் துவை.

அக்கா


திருவேற்காடு
16.9.2024

வித்யா அக்காவுக்கு,

சரி. வந்தது. இரண்டு கண்ணிலும். இப்போது போய்விட்டது. உங்கள் யாருக்கும் வராமல் இருக்கட்டும்.

தங்கவேல் வேறு யாருமில்லை, ரோஷினியின் அப்பா. நோட்டீஸைப் பார்த்து அவளைத் தவிர மற்ற பிள்ளைகளையெல்லாம் பெற்றோர்கள் நிறுத்திவிட்டார்கள். வேன் வேலப்பன்சாவடி பாலத்துக்குக் கீழே சும்மா நிற்கிறது. ரோஷினி அதே நோட்டீஸைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்கு வருகிறாள்.

நீ கேட்டதையே அவளும் கேட்டிருக்கிறாள். வேனில் வருகிற பதினைந்து பேரில் எங்கள் வகுப்பு ஆறு பேர், காமர்ஸ் பிரிவு ஒன்பது பேர். ஒரே சீட்டில் தோளோடு தோள் உரசி வந்த அந்த ஒன்பது பேருக்கும் ஒன்றும் இல்லை. மாறாக, எங்கள் வகுப்பில் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வருகிற பதினான்கு பேருக்குக் கண்வலி. வேன் காரணம் என்றால் இது எப்படி? வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த நாள் வருகை எண் வரிசையில் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒன்றிலிருந்து பதினாறு வரை ஒரே ஒருத்திக்குத்தான், இரண்டாம் எண் ஆக்னஸுக்கு. பதினேழு பச்சையப்பன். பதினெட்டிலிருந்து முப்பத்தாறு வரை பத்தொன்பது பேரில் பதினாறு பேருக்கு. வகுப்பில் யாரும் வரிசை எண்படி உட்காருவதில்லை. அப்படியானால் எண் வரிசைப்படி என்ன நடந்தது என்று ரோஷினி கேட்டாள்.

காலாண்டுத் தேர்வு வருகிறது, இந்த விசாரணை போதும் என்று நிறுத்திவிட்டேன். போர்ஷன் நிறைய பாக்கி.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

ஸ்ரீநாத்


ஓசூர்
24.9.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதிக் கடிதத்தில் மைக்ரோஸ்கோப்பைப் பற்றி ஒரு பக்கம். அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதத்திலும் அந்தச் சொல்லே இல்லை. எருமை இருக்கிறது, ரோடு இருக்கிறது, மழை இருக்கிறது. வண்டி மட்டும் காணோம்.

உன் பாணியிலேயே எழுதுகிறேன். கூற்று: கண்வலி பரவியது உன் மைக்ரோஸ்கோப்பால். சான்று: கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவன் பதினேழு, அவனுக்குப் பிறகு பார்த்தவர்களுக்குத்தான் வந்தது, கடைசியாகப் பார்த்த உனக்கும் வந்தது. காரணம்: அவன் கண் வைத்த இடத்தில் எல்லோரும் கண் வைத்தார்கள், யாரும் அதைத் துடைக்கவில்லை. ஆக்னஸ் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ரோஷினிக்குப் பிடிபட்டிருக்கும்.

உனக்கும் தெரியும். தெரிந்த அன்றுதான் போர்ஷன் ஞாபகம் வந்திருக்கிறது. ஏழு வயதில் டிவியை உடைத்துவிட்டு நீயாகவே போய்க் குளித்தாய், அதே மாதிரி.

மிஸ்ஸிடம் உனக்காகப் பேசியவள் நான். மாமா குடோனில் ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார். இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

கண்ணைக் கசக்காதே.

அக்கா


ஓசூர்
15.10.2024

ஸ்ரீ,

அனைவரும் நலம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இந்த ஊர்த் தபால்காரர் வீட்டைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் போகிறார், அவருக்குத்தான் மெட்ராஸ் ஐ பயம்போல. கார்டில் இவ்வளவுதான் இடம்.

அக்கா


திருவேற்காடு
20.10.2024

வித்யா அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், இந்த முறை நிஜமாகவே. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ‘பத்து வாரம் வாயை மூடிக்கொண்டு இரு’ என்று இருந்தது. வாயை மூடு என்று எல்லோரும் என்னிடம் கத்தித்தான் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டு அடித்தவள் நீ ஒருத்திதான். அதனாலேயே பதில் எழுத வரவில்லை.

லீவு முடிந்து ஆய்வகத்தைத் திறந்தேன். அலமாரிக்குப் பின்னால் ஒரு சார்ட் சுருட்டி வைத்திருந்தது. பிரித்தால் மொத்த விசாரணையும் எழுதி முடித்திருக்கிறது. நான் நிறுத்தச் சொன்ன பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. நீ கண்டுபிடித்ததெல்லாம் அதில் இருந்தது, நீ கண்டுபிடிக்காததும் இருந்தது. பதினேழுக்குப் பிறகு கண்வலி வந்த பதினாறு பேரில் பன்னிரண்டு பேருக்கு முதலில் சிவந்தது வலது கண், நான்கு பேருக்கு இடது. அந்த நான்கு பேரும் இடது கண்ணால் மைக்ரோஸ்கோப் பார்த்தவர்கள். ஆக்னஸ் கடைசியில் இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டு மறுபடி வரிசையில் நின்றிருக்கிறாள்.

வகுப்பில் சார்ட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“எப்ப எழுதினது இது?”

“குவாட்டர்லிக்கு முன்னாடியே சார்” என்றான் சிவராமன்.

“ஏன் காட்டல?”

எல்லோரும் ரோஷினியைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

“க்ளாஸ்ல பேசி முடிவு பண்ணோம் சார். காட்ட வேணாம்னு.”

“உங்க அப்பா வண்டி ஆறு வாரமா பாலத்துக்குக் கீழ நிக்குது. அவர்மேல தப்பு இல்லன்னு நீதான் கண்டுபிடிச்சிருக்க. அப்புறம் என்ன?”

“நைனாக்கு இன்னா சார், இந்த சவாரி இல்லன்னா இன்னொண்ணு. உங்களுக்கு வேற யாரு சார் வேல குடுப்பா? நீங்கதான மொத நாளே சொன்னீங்க, மூணு வேல பூட்ச்சுன்னு.”

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை அக்கா. சிரித்திருந்தால் தேவலை. முப்பத்தாறு பேரும் என்னை, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சான்று இருந்தும் மறைத்ததற்குத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதை நான் எந்த வாயால் சொல்வது? சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய் லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று பெற்றோர் கூட்டம். சார்ட்டை ஹாலில் மாட்டச் சொன்னேன். தாளாளர் முதல் வரிசையில். ரோஷினி படித்தாள். பாதியில் நான் எழுந்து, “ஒவ்வொருத்தர் பார்த்த பிறகும் கண் வைக்கிற இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். லேப்ல முதல் நாள் சொல்லித்தர்ற விஷயம் அது. நான் துடைக்கல. வேன் காரணம் இல்ல, நான்தான் காரணம்” என்றேன். போயிற்று வேலை என்று நினைத்தேன். தாளாளரும் அப்படித்தான் நினைத்தார், முகத்தில் ஒரு நிம்மதி.

ரோஷினி நிறுத்தவில்லை. “விதிவிலக்குகள்” என்று அடுத்த பத்தியைப் படித்தாள். பதினேழுக்குப் பிறகும் மூன்று பேருக்குக் கண் சிவக்கவில்லை. கூற்று: அந்த மூவரும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணே வைக்கவில்லை, ரெக்கார்டில் படத்தைக் காப்பி அடித்தார்கள். சான்று: பத்தொன்பதாம் எண் தன்னுடைய கண் இமை முடி லென்ஸில் தெரிந்ததைப் பாசியின் உறுப்பு என்று நினைத்து வரைந்திருக்கிறாள். மூவரின் ரெக்கார்டிலும் அதே முடி, அதே வளைவு. காரணம்: ஒருவருடைய இமை முடி நான்கு பேருடைய கண்ணில் முளைக்காது.

மூவரில் ஒருவன் சிவராமன். சார்ட்டில் அந்தப் பத்தியை எழுதியவனும் அவன்தான். வகுப்பில் அவன் கையெழுத்துதான் அழகு. “சான்று இருக்கு, என்ன சார் பண்றது” என்றான் என்னிடம்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. சிவராமனின் அப்பா எழுந்து, “எல்லாப் புள்ளைக்கும் வந்திருக்கு, உன் கண்ணு மட்டும் ஏன்டா செவக்கல?” என்று ஹால் அதிரக் கேட்டார். இன்னொரு அம்மா தன் மகனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “பளிச்சுனு வெச்சிருக்கான் பாரு, வெக்கமா இல்ல?” என்று முதுகில் ஒன்று வைத்தார். பச்சையப்பனின் அம்மா மட்டும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “எம் புள்ள கண்ணு வலியோட வந்து படிச்சிருக்கான்” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. இவன் கண்ணிலிருந்துதான் மற்ற எல்லோருக்கும் வந்தது என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை.

கூட்டம் முடிந்து தாளாளர் என்மேல் எழுத்தில் புகார் கேட்டார். ஒருத்தரும் கொடுக்கவில்லை, எல்லோரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் தங்கவேலை வரச்சொல்லியிருக்கிறார். உண்மையாகவே நஷ்டப்பட்டவர் அவர்தான். அவர் எழுதிக் கொடுத்தால் நியாயம், நான் ஒன்றும் சொல்ல முடியாது.

மாமாவை அந்த நாற்காலியை இன்னொரு முறை துடைத்து வைக்கச் சொல்.

ஸ்ரீநாத்


ஓசூர்
28.10.2024

அன்புத் தம்பிக்கு,

அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறாள், இறங்கத்தான் பயப்படுகிறாள். நான் சௌக்கியம்.

பஞ்சவர்ணம் மிஸ் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நீ நான்கு பக்கம் எழுதியும் எழுதாமல் விட்ட ஒன்றை அவர்தான் சொன்னார், அவருக்கு ரோஷினி சொல்லியிருக்கிறாள். கூட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீ பாலத்தடிக்குப் போயிருக்கிறாய். தங்கவேல் டயர் மாற்றிக்கொண்டிருந்தாராம். நீ அரை மணி நேரம் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் “தப்பு என்னுது” என்றாயாம்.

இருபத்தேழு வருடமாக நான் உன் அக்கா. அந்த இரண்டு சொல்லை நீ சொன்னதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. அவர் என்ன பதில் சொன்னார் என்று மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. நீயும் எழுத மாட்டாய்.

தங்கவேல் புகார் கொடுத்தால் வா. நாற்காலி இருக்கிறது. கொடுக்காவிட்டாலும் தீபாவளிக்கு வா.

அக்கா


திருவேற்காடு
23.12.2024

வித்யா அக்காவுக்கு,

அனைவரும் நலமென்று தீபாவளிக்கு நேரில் பார்த்துவிட்டதால் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏதாவது மாறியிருந்தால் எழுது.

அரையாண்டு முடிந்தது. தங்கவேல் புகார் கொடுத்தார். எழுத்தில். அவர் சொல்லச் சொல்ல ரோஷினி எழுதியது. மிஸ் என்னிடம் காட்டினார், அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன்:

‘கூற்று: என் வேனில் கண்வலி பரவியது என்று நோட்டீஸ் போட்டது தவறு. சான்று: வேனில் வந்த காமர்ஸ் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் வரவில்லை. காரணம்: வேனில் பரவியிருந்தால் பயாலஜி பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடித்துப் பரவாது. பயாலஜி சார் தன் தப்பை அவரே வந்து சொல்லிவிட்டார். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர் இன்னும் சொல்லவில்லை. ஆகவே இந்தப் புகார் அவர்மேல். இப்படிக்கு, கே. தங்கவேல்.’

தாளாளர் இரண்டு முறை படித்தாராம். “இது என்ன மிஸ் இது?” என்று கேட்டிருக்கிறார். “எழுத்துல ஒரு புகார் வந்தா வேலை இல்லன்னு நீங்கதான் விதி போட்டீங்க. வந்திருக்கு. ஆனா உங்கள எப்படி சார் அனுப்புறது?” என்றாராம் மிஸ். உனக்கு அவர் டீச்சராக இருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நோட்டீஸை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் எங்கும் வரவில்லை, ‘வேன் வழக்கம்போல் இயங்கும்’ என்று ஒரு வரி மட்டும் ஒட்டினார்கள். என்னை நிரந்தரமாக்கவில்லை, இன்னும் ஒரு வருடம் பார்ப்பார்களாம். கையில் ஆர்டர் இருக்கிறது. மாமாவிடம் சொல்லிவிடு, அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும்.

ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நானும் தங்கவேல் வேனில்தான் போகிறேன். முதல் நாள் காலை, வேன் நிறையப் பிள்ளைகள், கதவில் நான். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, “இன்னா சார், கண்ணு கையெல்லாம் தொட்ச்சிகினியா? தொட்ச்சிகினு அப்பால ஏறு” என்றார். உள்ளே பதினைந்து பேரும் சிரித்தார்கள், ரோஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு இரண்டு பதில் வந்தது அக்கா. இரண்டுமே நல்ல பதில். நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன், கையைத் துடைத்தேன், கைப்பிடிக் கம்பியையும் துடைத்தேன், ஏறி உட்கார்ந்தேன்.

ஸ்ரீநாத்